மூன்றாம் பொத்தானில் நின்ற சலாம்

கோட்டுக்குள் நுழைந்த வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது. மேலேயும் ஏறவில்லை, வெளியேயும் வரவில்லை. நாகூர் மீரான் அலமாரிக் கதவின் மறைவில் நின்றுகொண்டு, பல்லைக் கடித்தபடி தோளைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்.

"மச்சான், மணி ஏழே முக்கா ஆகுது. இன்னும் என்னா உள்ளுக்குள்ள?" அடுப்படியிலிருந்து மனைவி ரோஷன் பீவியின் குரல்.

"பொத்தான் மாட்டுறேன்."

"பொத்தான் மாட்டவா இப்படி முக்குறிய?"

"முக்கல. ஓதிக்கிட்டிருக்கேன்."

"அது எந்தக் கிதாபுல உள்ள ஓதலு? கன்னுக்குட்டி கத்துற மாதிரியில்ல கேக்குது."

தோளுக்குள் ஏதோ நறநறவென்று அரைபட்டது. கை ஒருவழியாக உள்ளே போனது. மீரானின் நெற்றியெல்லாம் வியர்வை.

இரண்டு மாதமாக இந்தப் பாடுதான். முதலில் மழை பெய்த காலை நேரங்களில் மட்டும் தோள் விறைத்தது. பிறகு கொடியிலிருந்து துண்டை எடுக்க முடியவில்லை. பிறகு தலை வாரமுடியவில்லை. வலது பக்கமாகப் படுத்தால் தூக்கம் போயிற்று. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. விடவும் முடியாது.

ஏனென்றால் நாகூர் மீரான் சலாம் போட்டுப் பேர் வாங்கிய மனிதர். மலாய் நாட்டில் அவர் வீடு இருந்த காஜா பேராங்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்த ஒரு கவர்மெண்ட் ஆபீசில் அவர் தலைமைப் பியூன். வெள்ளைக் கோட்டு, மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. காலை எட்டரைக்கு ஆபீசின் வெள்ளைக்கார அதிகாரி பென்போல்டு துரையின் கார் வந்து நிற்கும். வாசலுக்கு ஐந்து படி. துரை ஐந்தாவது படியில் கால் வைக்கும்போது மீரானின் குதிகால்கள் 'டக்'கென்று சேரும். வலது கை நெற்றிக்கு ஏறும். "தாபே, துவான்" என்று மலாயில் ஐயாவுக்கு வணக்கம் சொல்லும் குரல் மண்டபம் முழுக்க ஒலிக்கும். துரையும் "தாபே" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போவார். இந்தச் சலாமைப் பார்க்கவென்றே பக்கத்து ஆபீசுப் பியூன்கள் வந்து நின்றதுண்டு.

வெட்கத்துக்குக் காரணம் அது மட்டுமல்ல. அவருக்கு முன்னால் அந்த வில்லையைப் போட்டிருந்தவர் பக்கீர் மஸ்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மஸ்தானின் சலாம் நெற்றிக்குப் போகாமல் காதோரத்தில் தடுமாற ஆரம்பித்தது. "மஸ்தான் நானாவுக்குக் கை சரியில்ல போலிருக்கு" என்று ஆபீசுத் தலைமைக் குமாஸ்தாவான கிராணியின் காதில் மெல்லப் போட்டுவைத்தது வேறு யாருமில்லை, நாகூர் மீரான்தான். ஒரு மாதத்தில் மஸ்தானை வேலையைவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வில்லை மீரானின் மார்புக்கு வந்தது. இப்போது தன் கையே தடுமாறும்போது, அன்று தான் சொன்ன சொல் தினமும் தன் காதிலேயே விழுந்தது.

அன்றைக்கு எட்டரைக்குக் கார் வந்தது. துரை ஐந்தாவது படியில் கால் வைத்தார். குதிகால் சேர்ந்தது. கை கிளம்பியது. கோட்டின் மூன்றாவது பொத்தான் வரை வந்து நின்றது. அதற்கு மேல் தூக்கப் போனபோது வந்த வலியில், "தாபே, துவான்" என்பதற்குப் பதிலாக "ஹ்ம்ம்ங்" என்று ஒரு முனகல்தான் வந்தது.

துரை சட்டென்று நின்றார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பதிலுக்குத் தாபே சொல்லாமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

ஒன்பது வருஷத்தில் துரை தாபே சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. மீரானுக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கையில் சுமை இருப்பவன் சலாம் போடவேண்டியதில்லை அல்லவா? ஆபீசிலிருந்த ஃபைல்களில் பாதியை எடுத்து வலது முன்கையில் அடுக்கினார். மோவாய் வரை வந்தது. அதோடு வாசலில் போய் நின்றார். பாரத்தில் தோள் கழன்று விழுவது போல வலித்ததால் இன்றைக்கும் வாயைத் திறக்க முடியவில்லை.

துரை படியேறி வந்தார். நேராக வந்தார். வந்த வேகத்தில் ஃபைல் கோபுரத்தின்மேல் மோதி, அதை அப்படியே சாய்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். காகிதமெல்லாம் கடல்காற்றில் படியிறங்கிப் போயிற்று.

தலைமைக் கிராணி மாசிலாமணி ஓடிவந்தார். "என்ன மீரான் பாய் இது?"

"தொரை தட்டி விட்டுட்டாரு, கிராணியய்யா."

"தட்டி விட்டாரா?"

"நெஞ்சால இடிச்சுத் தள்ளுனாரு. நேத்து சலாம் சரியில்ல. அந்தக் கோவம்."

"அவரு தங்கமான மனுசராச்சே. நான் விரல் வச்ச எடத்துல கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவாரு. அவ்வளவு நம்பிக்கை. அவரையே இந்த அளவுக்குக் கோவப்பட வச்சிருக்கீங்கன்னா சும்மா இல்ல." குனிந்து காகிதம் பொறுக்கியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, கையில ஏதும் கோளாறா?"

அதே கேள்வி. அதே கிராணி.

"கைக்கென்ன, இரும்பாட்டம் இருக்கு" என்றார்.

சொன்ன பொய்க்கு மூன்றாம் நாள் ஏதாவது செய்தாக வேண்டும். அந்தப் பதற்றத்தில்தான் இடது கையால் சலாம் போட்டார். சோற்றில் படாத கை, ஒருவருக்கு ஒரு வெற்றிலை நீட்டக்கூடக் கூசுகிற கை. அது நெற்றிக்கு ஏறியபோது அவருக்கே உடம்பு கூனிப்போயிற்று. வெட்கத்தில் "தாபே" என்பது உதட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

துரை நின்றார். மீரானின் காதுக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பார்த்து, "வெரி ஸ்மார்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கிராணியய்யா, வெரி ஸ்மார்ட்டுன்னா என்னா?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பீச்சக் கையால சலாம் போட்டேன்."

மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வெள்ளைக்காரன் அளவுக்கு மீறிக் கோவப்பட்டா அப்படித்தான் பாய் பாராட்டுவான்."

அன்று சாயங்காலம் மீரானால் கோட்டைக் கழற்ற முடியவில்லை. ரோஷன் பீவி வந்து பார்த்தபோது, கோட்டு தலைக்குமேல் பாதி ஏறி, உள்ளேயிருந்து "ரோஷன், ரோஷன்" என்று சத்தம் மட்டும் வந்தது. அவள் கோட்டை உருவினாள். தோளைத் தொட்டாள். அவர் துள்ளினார்.

"எத்தன நாளா?"

"இன்னக்கித்தான்."

"மச்சான்."

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு எங்கிட்ட மறைச்சியளா? நான் என்னா, ஒங்க ஆபீசு கிராணியா?"

மீரான் தலையைக் குனிந்துகொண்டார். "வெளியில சொல்லிடாத புள்ள. மஸ்தான் நானாவ அனுப்புன மாதிரி அனுப்பிடுவாங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றாள். சொன்னபடியே யாரிடமும் சொல்லவில்லை. உருவி விடுகிற மாக் சூவை மட்டும் வரவழைத்தாள். மாக் சூ மலாய்க் கிழவி, கை நல்ல கை, குரல்தான் படைத்தவனுக்கே கேட்கிற குரல். இஞ்சி எண்ணெயைத் தோளில் ஊற்றி ஒரு முறுக்கு முறுக்கினாள். மீரான் போட்ட அலறலுக்கும், "இந்தக் கை துருப்பிடித்துப் போச்சு, துவான்" என்று மாக் சூ மலாயில் போட்ட சத்தத்துக்கும், தெருவில் இரண்டு பக்கமும் சன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டிலிருந்து, மலாய் பேசும் தமிழ்வழிச் சிட்டிப் பெண் முருங்கைக்கீரையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, அனுதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாவது பொத்தான் வரையாவது போன கை, மறுநாள் இன்னும் இரண்டு பொத்தான் கீழே இறங்கியிருந்தது. ஆபீசுக்குப் போகாமல் படுத்துக்கொண்டார்.

ரோஷன் பீவி கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டே யோசித்தாள். வாளியோடு உள்ளே வந்தாள்.

"மச்சான், கிணத்துக்குள்ள கெடக்குற வாளி எப்புடி மேல வருது?"

"நீ இழுக்குற, வருது."

"அதுக்குச் சுயமா ஏறத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஒங்க கையி மட்டும் ஏன் சுயமா ஏறணும்?"

ஆபீசு வாசல் உத்தரத்தில் ஒரு பழைய இரும்பு வளையம் இருந்தது. மின்விசிறி வருவதற்கு முன்னால், விட்டத்தில் தொங்கிய துணி விசிறியான பங்காவின் கயிறு போன வளையம். அந்தக் கயிற்றை உட்கார்ந்த இடத்திலிருந்து பதினோரு வருஷம் இழுத்தவர் நாகூர் மீரானேதான். பங்கா போன பிறகுதான் அவர் பியூன் ஆனார்.

ஐந்தாம் நாள் விடியற்காலையிலேயே போய், வெள்ளை நூல்கயிறு ஒன்றை அந்த வளையத்தில் மாட்டினார். ஒரு முனை வலது மணிக்கட்டில், கோட்டின் கைக்குள் மறைவாக. மறுமுனை முதுகுக்குப் பின்னால் இடது கையில். கார் வந்தது. ஐந்து படி. மீரான் இடது கையால் இழுத்தார். வலது கை ஏறியது. பொத்தானைத் தாண்டியது, மோவாயைத் தாண்டியது, நெற்றிக்கே வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பாதி வலி, பாதி சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் கதவுக்குக் குறுக்கே கயிறு சாய்வாக ஓடுவதை அவர் மறந்துபோனார். பென்போல்டு துரை ஆறடிக்கு மேல். கயிறு அவருடைய தொப்பியைக் கொத்திக்கொண்டு போய்ப் படியில் உருட்டிவிட்டது.

துரை அசையாமல் நின்றார். மீரானும் அசையவில்லை, அசைய முடியவில்லை. முடிச்சு வளையத்தில் சிக்கிக் கை நெற்றியிலேயே தொங்கியது. குனிந்து தொப்பியை எடுத்துக் கொடுக்க வழியில்லை. துரையும் தொப்பி இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்து சிவந்தது, காது சிவந்தது. கதவு நிலையைத் தடவிப் பிடித்தபடி வெறுந்தலையோடு உள்ளே போனார்.

கிராணி வர அரைமணி ஆயிற்று. அதற்குள் துரை ஒரு தடவை வெளியே வந்து, வராந்தாவின் கோடி வரை நடந்து திரும்பினார். விட்டத்தில் வௌவால் மாதிரித் தொங்குகிற பியூனைத் தாண்டி இரண்டு முறை போனார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏறெடுத்துப் பாக்கல, கிராணியய்யா" என்றார் மீரான், மாசிலாமணி முடிச்சை அவிழ்க்கும்போது. குரல் உடைந்துவிட்டது. "நாய் நின்னாக்கூட ஒரு பார்வை பாப்பாங்க."

மாசிலாமணி அவிழ்த்த கயிற்றையும் பார்த்தார், சட்டென்று கீழே விழுந்த கையையும் பார்த்தார். "இரும்பாட்டம் இருக்குன்னு சொன்னீங்க."

மீரான் மணிக்கட்டில் பதிந்த கயிற்றுத் தடத்தைத் தேய்த்தார்.

"வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் கிராணி, தாழ்ந்த குரலில். "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அந்தத் தாழ்ந்த குரல்தான் மீரானை அதிகம் சுட்டது. மஸ்தானுக்கு அப்படி ஒரு குரல் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் கந்தவனம். தோளை ஒரு பெட்டியின் முன்னால் வைத்து உள்ளே படம் பிடிக்க வைத்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"டாக்டரய்யா, எலும்புல வயசு தெரியுமா?" என்று மீரான் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் கேக்கிறீர்?"

"ஆபீசுல அம்பத்திரெண்டுன்னு எழுதியிருக்கு."

"எலும்பு அம்பத்தேழு எண்டு சொல்லுது. நான் சொல்லேல்லை. இஞ்சை பாரும். இது கையெலும்பின்ரை தலை, உருண்டையா. இது அது குந்தியிருக்கிற கிண்ணம். ரெண்டுக்கும் நடுவிலை இளநி வழுக்கை மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது இருக்கிற வரைக்கும் எலும்பு வழுக்கிக்கொண்டு ஓடும். உமக்கு அது தேய்ஞ்சு போச்சுது. இப்ப எலும்பிலை எலும்பு உரசுது. கையைத் தூக்கினா நறநறவெண்டு சத்தம் கேக்குமே?"

"கேக்குது."

"அதுதான். விளிம்பிலை முள்ளு முள்ளா எலும்பு வளர்ந்தும் இருக்கு. அதாலைதான் கை ஒரு இடத்துக்கு மேலை போகமாட்டன் எண்டுது."

"செத்துப் போச்சா, அய்யா?"

"சாகேல்லை. தேய்ஞ்சிருக்கு. முந்தி என்ன வேலை செய்தனீர்?"

"பங்கா இழுத்தேன். பதினோரு வருசம்."

"எந்தக் கையாலை?"

மீரான் வலது தோளைப் பார்த்தார். டாக்டர் படத்தைக் கீழே வைத்தார்.

"துரைமாருக்குக் காத்து, உமக்குத் தேய்வு."

"மருந்து?"

"போனது திரும்ப முளைக்காது. ஆனா நோவைக் குறைக்கலாம். சுடுதண்ணித் துணி ஒத்தடம் குடும். முறுக்கி உருவ விடாதையும். கையைக் கட்டிப்போட்டு வைக்கவும் கூடாது, இன்னும் விறைச்சுப்போம். குனிஞ்சு நிண்டு, மணிக்கூட்டு ஊசலாட்டம் மெல்ல மெல்ல ஆட்டும். பாரம் தூக்காதையும். கயித்திலை தொங்கவும் வேண்டாம்."

கிராணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வயசு போக மயிர் நரைக்கிறதில்லையோ? அது மாதிரித்தான். ஒண்டும் வெக்கப்படத் தேவையில்லை" என்று சொல்லி, டாக்டர் இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதினார். இந்த மனிதனால் தோளுக்கு மேலே கையைத் தூக்க முடியாது, மற்ற வேலையெல்லாம் செய்வான் என்று அதில் இருந்தது.

மறுநாள் மீரான் சலாம் போடவில்லை. கயிறு கட்டவில்லை. இடது கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, இடுப்பு வரை எழுகிற வலது கையில் கடிதத்தோடு துரையின் அறைக்குள் போனார். கிராணியைக் கூட வரவேண்டாமென்று சொல்லிவிட்டார். தன் அவமானத்தைத் தானே கொடுப்பதுதான் மரியாதை என்று தோன்றியது.

"துவான், இதைப் படிக்கணும்" என்று மலாயில் சொன்னார். கடிதத்தை மேசையில் வைக்காமல் துரையின் கையிலேயே கொடுத்தார். கொடுத்துவிட்டு, தீர்ப்புக்கு நிற்பவனைப் போல அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை காகிதத்தைப் பிரித்தார். கிட்டே பிடித்தார், தூரப் பிடித்தார்.

"வெரி குட்" என்றார் கடைசியில்.

வெரி குட் என்றால் வெரி ஸ்மார்ட்டை விடப் பெரிய கோபமாக இருக்குமோ?

துரை கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மலாயில் மெல்லச் சொன்னார்: "போதும், மீரான். எனக்குப் புரிந்துவிட்டது. இனி நீ எதுவும் செய்யவேண்டாம்."

வேலை போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லமுடியும்?

வீட்டுக்கு வந்து ரோஷன் பீவியிடம் ஒரே வரியில் சொன்னார். சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் தோளில் வைத்தாள்.

"மஸ்தான் நானா வூடு செங்கு ஊருலதானே இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"ஆமா. எதுக்கு?"

"போய் ஒரு வார்த்த பேசணும்."

"பேசுங்க. ஒம்பது வருசம் தள்ளிப் போட்டாச்சு, ஒரு நாளு என்னா."

திங்கட்கிழமை காலை, பித்தளை வில்லையைப் புளி போட்டு விளக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். திருப்பிக் கொடுப்பதையாவது கௌரவமாகக் கொடுக்கவேண்டும்.

ஆபீசில் துரையின் அறை திறந்து கிடந்தது. மேசை காலி. கிராணி மாசிலாமணி நடுவில் நின்றுகொண்டு நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரை போயிட்டாரு, பாய்."

"எங்க?"

"சீமைக்கு. லீவு கேட்டுக் கோணல்மாணலா எழுதி, வேலையையே விடுறேன்னும் எழுதி வச்சிட்டு, சனிக்கெழம தம்பின் ஸ்டேஷன்ல ரயிலேறிட்டாரு. சிங்கப்பூர்ல கப்பல். ஏன்னு ஒருத்தருக்கும் தெரியல."

"என்னையப் பத்தி?"

"ஒங்களப் பத்தி ஒரே வரிதான் எழுதியிருக்காரு. தலைமைப் பியூன் இந்த ஆபீசுலயே கெட்டிக்காரன், அவன எக்காரணம் கொண்டும் மாத்தக் கூடாதுன்னு."

மீரானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வில்லையைத் துணியோடு இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தன்னால்தான், தன் கோணல் சலாமால்தான், ஒரு பெரிய மனிதர் மனம் வெறுத்து ஊரைவிட்டே போய்விட்டார். அனுப்பிவைத்த ஆட்களின் கணக்கில் மஸ்தான் ஒன்று, துரை இரண்டு.

வாசலில் துரையின் டிரைவர் வேலாயுதம், காரின் மிதிபலகையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். மீரானைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வேலாயுதம், தொரை போறப்ப எம்மேல ரொம்ப வருத்தமா?"

"டேசன் வரைக்கும் ஒங்க பேச்சுத்தான் பாய்."

"என்னா சொன்னாரு?"

"மொத நாளு சலாம் சொல்லாம நின்னு பாத்தீங்களாம். மறுநா வர்ற வழியில ஃபைல அடுக்கிக்கிட்டு நின்னீங்களாம். அப்பறம் கயிறு கட்டுனீங்களாம். கடைசியில ஒரு காயிதத்தக் கையில குடுத்துப் படின்னுட்டு, மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னீங்களாம்."

"எல்லாம் நெசந்தான்" என்றார் மீரான், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவ்வளவு கோவமா?"

வேலாயுதம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கோவமா? வெக்கம், பாய். ரெண்டு வருசமா அவருக்குக் கண்ணே தெரியாது. படிய எண்ணி எண்ணி ஏறி இத்தன பேருகிட்டயும் மறைச்சு வச்சிருந்தத, நீங்க ஒருத்தருதான் கண்டுபுடிச்சுத் தெனம் ஒரு பரீட்ச வச்சீங்கன்னு சொல்லித்தான் கப்பலேறிட்டாரு."